ஒரே கூட்டில் மூன்று முயல், மூன்று விதமான முடியுதிர்வு

களுதாவளையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"டொக்டர், எங்கட வீட்டில மூன்று முயல் நிக்குது. ஆண் ஒன்று, பெண் ஒன்று, நாலு மாசக் குட்டி ஒன்று. மூன்றும் ஒரே கூட்டுக்குள்ளதான். ரெண்டு கிழமையா ஆண் முயலுக்கு மூக்கிலயும் காது ஓரத்திலயும் சாம்பல் மாதிரிப் பொருக்குப் பிடிச்சிருக்கு. இராப்பகலாச் சொறியுது. பெண்ணுக்குத் தாடைக்குக் கீழயும் வயித்திலயும் முடி இல்ல. குட்டிக்கு முதுகில திட்டுத் திட்டா முடி கொட்டுது, ஆனா அது சொறியல்ல. பாமசியில தந்த கிரீம் பூசினன், வேப்பெண்ணெய் பூசினன், நாய்க்குப் போடுற ஷாம்பூவால குளிப்பாட்டினன். ஒண்டுக்கும் மாறல்ல. பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டுக்குப் போடுற ஊசி மருந்து மிச்சம் இருக்கு, போட்டா மாறும் எண்டுறார். இன்னொராள் நாய்க்கு அடிக்கிற உண்ணி ஸ்ப்ரே தாறன் எண்டார். மறுகா, மகள்ட முழங்கைப் பக்கம் சிவந்து கடிக்குது. மாமி, முயலைக் கொண்டுபோய் ஆருக்கும் குடுத்திரு எண்டு நிக்கிறா. வேலியில நிக்கிற இப்பில் இப்பில் கொப்பும் பாணும்தான் சாப்பாடு. என்ன செய்ய?"

முதலில் அந்த ஸ்ப்ரே. அதை வாங்கவே வேண்டாம். நாய், பூனை உண்ணிக்கென விற்கும் ஸ்ப்ரேக்களிலும் கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளிலும் பலவற்றில் இருப்பது ஃபிப்ரோனில். நாய்க்கு ஒன்றும் செய்யாத இந்த மருந்து முயலைக் கொன்றுவிடும். அடித்தவுடன் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு சாப்பாட்டை விடும், சோர்ந்து கிடக்கும், வலிப்பு வரும். நாய்க்குக் கட்டும் உண்ணிப் பட்டி, உண்ணிப் பவுடர், மாட்டைக் கழுவும் உண்ணி மருந்து எல்லாவற்றையும் இதே பட்டியலில் சேர்த்து ஒதுக்கிவையுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதில் பாதி சரி. மாட்டுக்குப் போடும் அந்த ஊசி அநேகமாக ஐவர்மெக்டின். முயலின் சொறிக்கும் நாங்கள் போடுவது அதுதான். தவறு அளவில் நடக்கும். சாதாரண 1 வீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. முயலுக்குத் தேவை ஒரு கிலோவுக்கு 0.2 முதல் 0.4 மில்லிகிராம். உங்கள் முயல் 2 கிலோ என்றால், கிலோவுக்கு 0.3 என்று வைத்தாலும் மொத்தம் 0.6 மில்லிகிராம், அதாவது 0.06 மில்லி. 100 அலகு இன்சுலின் சிரிஞ்சில் 6 அலகு. மாட்டுக்குப் போடும் 5 மில்லி சிரிஞ்சின் ஆகச் சின்னக் கோடே 0.2 மில்லி. "ஒரு துளிதான் போட்டேன்" என்பவர் மூன்று மடங்குக்கு மேல் போட்டிருப்பார். போதாததற்கு 3.15 வீதக் கரைசலும் இருக்கிறது, வேறு மருந்து சேர்த்த போத்தல்களும் இருக்கின்றன. லேபல் கிழிந்த மிச்சப் போத்தலில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே மருந்து அதுவே ஆனாலும், முயலைத் தராசில் நிறுத்து, கால்நடை வைத்தியர் கையால் தோலுக்குக் கீழ் போடுவதுதான் முறை. பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் செய்யக்கூடிய வேலைதான். மாடும் ஆடும்தான் பார்ப்பார்கள் என்று நினைத்து முயல்காரர் பலர் அந்தப் படியை மிதிப்பதே இல்லை.

இனி மூன்று முயலுக்கும் வருவோம். மூன்றுக்கும் ஒரே கிரீம் பூசியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே வருத்தம் என்று எனக்குத் தோன்றவில்லை. முடி கொட்டுவது தனி நோய் அல்ல. எந்த இடத்தில் தொடங்கியது, சொறிகிறதா, முடி இல்லாத தோல் எப்படி இருக்கிறது என்ற மூன்றும்தான் காரணத்தைச் சொல்லும். நீங்கள் மூன்றையும் எழுதியிருப்பதால் வேலை சுலபமாகிறது.

ஆண் முயலுக்கு இருப்பது அநேகமாகச் சொறிப்பூச்சி. நமது சூட்டு நாட்டு முயல் கூடுகளில் இது சாதாரணம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். முடி குறைந்த இடங்களில்தான் தொடங்கும்: மூக்கு நுனி, உதடு, காது விளிம்பு, கண்ணைச் சுற்றி, பிறகு நகக்கண். மூக்கைச் சொறிகிற கால் வழியாகவே நகத்தடிக்குப் போய்விடும். முன்னங்கால் விரல்களை விரித்துப் பாருங்கள். நகத்தின் அடியில் சுண்ணாம்பு அப்பியதுபோல் வெள்ளைப் பொருக்கு இருந்தால் சொறிப்பூச்சி என்ற சந்தேகம் இன்னும் வலுக்கும். விட்டுவைத்தால் உதட்டைச் சுற்றிப் பொருக்குத் தடித்து, வாய் நோவில் சாப்பாடு குறையும். முயலைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பட்டினிதான். முயலின் குடல் ஒரு நாள் வேலையை நிறுத்தினாலே நிலைமை மோசம்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இரண்டு வருத்தங்கள் உண்டு. ஒன்று காதுச் சொறி. அது விளிம்பில் அல்லாமல் காதுக் குழிக்குள், தவிட்டு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டும். முயல் தலையை உதறும், ஒரு காதைத் தொங்கப் போடும். இதை எழுதக் காரணம், அந்தப் பொருக்கைக் குச்சியாலும் பஞ்சாலும் கிளறி எடுக்கும் பழக்கம். அடியில் பச்சைப் புண். இழுத்தால் முயல் வேதனையில் துடிக்கும், கிருமியும் உள்ளே போகும். ஊசி போட்டு ஒரு கிழமை பத்து நாளில் அது தானாக உதிர்ந்துவிடும். மற்றது முயல்களுக்கே உரிய மேகநோய். இதுவும் மூக்கிலும் உதட்டிலும் பொருக்குப் பிடிக்கும். ஆனால் பிறப்புறுப்பிலும் மலவாயைச் சுற்றியும் அதே பொருக்கு இருக்கும், நகத்தடியில் இருக்காது, பெரிதாகச் சொறியாது. ஆகவே வாலைத் தூக்கிப் பார்க்காமல் மூக்குப் பொருக்குக்குப் பெயர் வைக்கக் கூடாது. இணை சேரும்போதும் தாயிலிருந்து குட்டிக்கும் பரவும், மனிதருக்குப் பரவாது. மருந்து பென்சிலின், கிழமைக்கு ஒன்றாக மூன்று, ஊசியாக மட்டும். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து, வயிற்றோட்டத்தில் செத்துப்போகும். பிள்ளைக்கு வாங்கிய அமொக்சிசிலின் பாணி மிச்சம் இருக்கிறது என்று ஒரு சொட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வாலைத் தூக்கும்போது இன்னொன்றும் கண்ணில் படும். பிறப்புறுப்பின் இரு பக்கமும் முடியில்லாத இரண்டு குழி, அதற்குள் மண்ணிற மெழுகு, கடுமையான மணம். அது நோயல்ல, முயலின் வாசனைச் சுரப்பி. அதைப் புண் என்று நினைத்து மருந்து பூசுபவர்களும் உண்டு.

வைத்தியர் பொருக்கின் ஓரத்தை லேசாக இரத்தம் கசியும்வரை சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பூச்சி தெரியும். ஊசி ஒன்று போதாது. மருந்து உயிருள்ள பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரித்து அடுத்த தலைமுறையாக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். அதனால்தான் 10 முதல் 14 நாள் இடைவெளியில் மூன்று ஊசி. முதல் ஊசிக்கு மூன்று நான்கு நாளில் சொறிவது குறைந்துவிடும். "மாறிவிட்டது" என்று இரண்டாவதற்குப் போகாமல் விடுவது இந்த இடத்தில்தான். ஒரு மாதத்தில் பொருக்குத் திரும்ப வந்ததும் மருந்து சரியில்லை என்பார்கள். முடி நிறைய மூன்று நான்கு கிழமைக்கு மேல் ஆகலாம், அதை வைத்துக் குணத்தை அளக்க வேண்டாம்.

பெண் முயலின் கதை வேறு. தாடைக்குக் கீழும் வயிற்றிலும் முடி இல்லை, மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது என்றால், அது தானே பிடுங்கி எடுத்திருக்கும். தோல் சுத்தமாக, பொருக்கில்லாமல், முலைக்காம்புகள் வெளியே தெரிகிறதா பாருங்கள். வாயில் வைக்கோலோ முடியோ கவ்விக்கொண்டு மூலை தேடினால் அது கூடு கட்டும் வேலை. ஆண் முயலோடு ஒரே கூட்டில் இருந்தபடியால் சினையாக இருக்கலாம். முயலின் சினைக்காலம் 30 முதல் 32 நாள், கடைசி ஓரிரு நாளில்தான் முடியைப் பிடுங்கும். பொய்ச்சினை என்றால் பதினாறு பதினெட்டு நாளிலேயே இதே வேலையைச் செய்துவிட்டு ஓயும். எதுவானாலும் இன்றைக்கே ஒரு பெட்டி வையுங்கள். 45 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம், ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய பலகைப் பெட்டி போதும். உள்ளே காய்ந்த புல். அது பிடுங்கிய முடியைக் கூட்டித் தள்ளாமல் பெட்டிக்குள்ளேயே போடுங்கள், குட்டிகளுக்கு அதுதான் போர்வை. ஆண் முயலை இன்றே பிரித்தாக வேண்டும். சொறி தொற்றும் என்பது ஒரு காரணம். குட்டி போட்ட அதே நாளிலேயே பெண் முயல் திரும்பச் சினைப்படும் என்பது மற்றது.

ஒன்றை மட்டும் கையால் தொட்டுப் பாருங்கள். தாடைக்குக் கீழ் உள்ள தோல் மடிப்பு ஈரமாக, பிசுபிசுப்பாக, சிவந்து இருந்தால் அது பிடுங்கிய முடியல்ல, ஈரப்புண். அகலக் கோப்பையில் தண்ணீர் வைத்தால் ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் அந்த மடிப்பு நனையும். கச்சான் வீசும் மாதங்களில் முயல் சூடு தாங்காமல் தாடையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு கிடக்கும். முடி பச்சை நிறமாகத் தெரிந்தால் கிருமி பிடித்துவிட்டது என்று அர்த்தம். ஈரம் தண்ணீரால் அல்ல, வாயூறுவதால் என்றால் பல்லைப் பார்க்க வேண்டும். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும், தேயாவிட்டால் கோணி வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். பாணும் தீனும் தின்னும் முயலுக்குப் பல் தேய வழியில்லை.

குட்டிக்கு எனக்கு இரண்டு சந்தேகம். முதலாவது உங்கள் வேலி.

இப்பில் இப்பில் இலையில் மிமோசின் என்றொரு பொருள் இருக்கிறது. முடியின் வேரில் நடக்கும் வளர்ச்சியை அது நிறுத்திவிடும், முடி அடியோடு கழன்று விழும். ஆடு, மாட்டின் முன்வயிற்றில் இருக்கும் கிருமிகள் அதைச் சிதைக்கக்கூடியவை. முயலுக்கு அப்படியொரு முன்வயிறு இல்லை. ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுப் பழகிய கை முயலுக்கும் ஒடித்துப் போடும், யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இளங்கொழுந்தில்தான் மிமோசின் அதிகம், வளரும் குட்டி விரும்பித் தின்பதும் கொழுந்தைத்தான். எப்போதாவது ஒரு கொப்பு என்றால் பயமில்லை. தினமும் அதுவே சோறு என்றால் இப்படித்தான் முடியும். கையால் மெல்ல இழுக்க, நோவில்லாமல் முடி கற்றையாக வருகிறதா, அடியில் தோல் வெளுப்பாக, சுத்தமாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இலையை நிறுத்துங்கள், வேறு மருந்து தேவையில்லை. சில கிழமையில் முடி முளைக்கத் தொடங்கும்.

இரண்டாவது படர்தாமரை. குட்டிகளுக்கு இலகுவில் பிடிக்கும், பெரிதாகச் சொறியாது. வட்டமாக, தவிடு தூவியதுபோல் செதில் இருக்கும், ஓரத்து முடி முறிந்து கட்டையாக நிற்கும். முகம், காது, பாதம் தொடங்கி முதுகுக்குப் போகும். நம்மூர் மாரியில், மழைச் சாரலும் மூத்திர ஈரமும் காயாத கூட்டில் கூடும். ஊதா விளக்கில் ஒளிரவில்லை, ஆகவே படர்தாமரை இல்லை என்று யாரும் சொன்னால் ஏற்க வேண்டாம். முயலுக்கு வழக்கமாக வருகிற வகை அந்த விளக்கில் ஒளிராது. முடியும் செதிலும் எடுத்து வளர்த்துப் பார்க்க இரண்டு கிழமை ஆகும், அதற்குள் வைத்தியர் கண்ணால் முடிவெடுத்து மருந்தைத் தொடங்கக்கூடும்.

இன்னொரு சின்னச் சோதனை. முடியில்லாத இடத்தில் விரலை எதிர்ப்பக்கமாக ஓட்டுங்கள். சவரம் செய்த தாடி போல் குத்தினால் முடி கொட்டவில்லை, இன்னொரு முயல் கடித்து மென்றிருக்கிறது. நெரிசலான கூட்டில், நார் போதாத சாப்பாட்டில் பெரியது சின்னதின் முதுகை மேயும். முடி கொட்டிய இடத்தில் ஒரு கோடாகப் புது முடி முளைத்து வந்தால் அது வழமையான முடி மாற்றம், விட்டுவிடலாம்.

மகளின் கையை நான் பார்க்காமல் சொல்ல முடியாது, தோல் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். முயல் வளர்க்கிறோம், அதற்குச் சொறி இருக்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். முயலை அணைத்துப் பிடிக்கும் இடங்களில், அதாவது முன்கையிலும் வயிற்றிலும், பொட்டுப் பொட்டாகச் சிவந்து இரவில் கடித்தால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். முயலின் பூச்சி மனிதத் தோலில் நிலைத்துப் பெருகாது, முயல் சுகமானால் அதுவும் அடங்கும். வட்டமாக, ஓரம் தடித்து, நடு வெளுத்திருந்தால் படர்தாமரை. அது தானாகப் போகும் என்று இருக்க வேண்டாம். பாமசியில் "எல்லாத்துக்கும்" என்று தரும் மூன்று மருந்துக் கலவைக் கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீரொயிட் இருக்கும். பூசினால் சிவப்பும் கடியும் குறையும், அடியில் படர்தாமரை சத்தமில்லாமல் விரியும். முயலுக்கு அது இன்னும் கூடாது. பூசியதை நக்கி விழுங்கும், உடம்பின் எதிர்ப்புக் குறையும், பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் வழி விட்டதாகிவிடும். அதை இன்றே நிறுத்துங்கள்.

வேப்பெண்ணெயும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் இருக்கும் பூச்சிக்கு மேலே பூசும் எண்ணெய் போய்ச் சேராது. முயல் நக்கும், முடி ஒட்டி, வெக்கையில் தவிக்கும். குளிப்பாட்டுவதை விடுங்கள். நனைந்த முயல் பயத்திலேயே அதிர்ந்து போகும், திமிறும்போது முதுகெலும்பு முறியவும் கூடும். அந்த அளவுக்கு அதன் எலும்பு மெல்லியது, பின்னங்கால் தசை வலியது. தூக்கும்போதும் காதைப் பிடிக்காமல், ஒரு கை நெஞ்சுக்குக் கீழும் ஒரு கை பிட்டத்துக்குக் கீழும் கொடுத்து உங்கள் உடம்போடு அணைத்துப் பிடியுங்கள்.

ஊசி போடும் அன்றைக்கே கூட்டையும் பார்க்காவிட்டால் பணம் வீண். சொறி தெரியாத மற்ற இரண்டுக்கும் அதே நாளில் மருந்து வேண்டியிருக்கும். பெண் சினையாக இருக்கலாம் என்பதை வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள், அதன் விடயத்தை அவர் தீர்மானிக்கட்டும். பழைய சாக்கு, தும்பு, வைக்கோல் எல்லாவற்றையும் எரியுங்கள். கூட்டைச் சவர்க்காரச் சுடுநீரால் தேய்த்துக் கழுவுங்கள். மூத்திரம் உறைந்த வெள்ளைப் படிவத்துக்கு வினாகிரி ஊற்றி அரை மணித்தியாலம் ஊறவிட்டுச் சுரண்டி, நன்றாகக் கழுவி விடுங்கள். பிறகுதான் பிளீச், ஒரு பங்குக்கு பத்துப் பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஈரமாக இருக்கட்டும். வினாகிரியோ மூத்திரமோ இருக்கும் இடத்தில் பிளீச் ஊற்றினால் மூச்சடைக்கும் வாயு கிளம்பும், இந்த வரிசையை மாற்றாதீர்கள். கழுவி, முழு வெயிலில் இரண்டு மூன்று நாள் காயட்டும், அதுவரை முயல்கள் வேறு பெட்டியில். இரண்டாவது, மூன்றாவது ஊசி நாட்களிலும் இதையே செய்யுங்கள். குட்டிக்குப் படர்தாமரை என்று உறுதியானால் உக்கிப்போன பலகைகளைக் கழற்றி எறிவதே நல்லது. பூஞ்சண வித்து மரத்துக்குள் மாதக்கணக்காக இருக்கும்.

தரை வெறும் கம்பி வலையானால் பின்னங்கால் குதியையும் தூக்கிப் பாருங்கள். முடி தேய்ந்து சிவந்திருந்தால் அடுத்த வருத்தம் அங்கேதான் வரும். ஒரு பக்கம் பலகைத் துண்டோ, பழைய பன்பாய்த் துண்டோ போடுங்கள். பாயைக் கடித்துத் தின்றாலும் பாதகமில்லை, நனைந்ததும் மாற்றுங்கள்.

சாப்பாட்டை ஒரே நாளில் புரட்ட வேண்டாம், ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். பாணை முதலில் நிறுத்தலாம். இப்பில் இப்பிலுக்குப் பதில் கினியாப்புல், தாராளமாக, எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். பூக்க முன் வெட்டி, மெல்லியதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் மாரிக்கும் இருக்கும். பூஞ்சணம் பிடித்ததைப் போடாதீர்கள். பெல்லட் தீன் வாங்கினால் கிலோ உடம்புக்கு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம்.

வைத்தியரிடம் காலை வெயில் ஏற முன் கொண்டுபோங்கள், காற்றோட்டமான கூடையில் புல்லும் வைத்து. வெறும் வயிற்றில் கொண்டுபோகத் தேவையில்லை, முயலுக்கு வாந்தி வராது. பன்னிரண்டு மணித்தியாலமாகச் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை, தலை ஒரு பக்கம் சாய்கிறது, அல்லது பின்பக்கம் ஈப்புழு நெளிகிறது என்றால் அடுத்த நாள் வரை பொறுக்கக் கூடாது. வால் பக்கம் அழுக்கான முயலை ஈ தேடி வரும். காலையும் மாலையும் ஒருமுறை பாருங்கள்.

மாமி சொல்வதற்கு இது: கொடுக்கத்தான் வேண்டும் என்றால், மூன்றாவது ஊசி போட்டு இரண்டு கிழமை கழியட்டும். இப்போது கொடுத்தால் வாங்குபவர் வீட்டுக் கூட்டுக்கும் பிள்ளைக்கும் சொறியையும் சேர்த்தே கொடுத்ததாகும். இறைச்சிக்கென்று யாரும் கேட்டாலும் ஊசி போட்டதைச் சொல்லுங்கள். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதை ஊசி போட்ட வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.